2 கோடி பவுண்டுக்கு நடந்த பங்காளிச் சண்டை

பிரிட்டிஷ் அரசாங்கம் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "பரவாயில்லையே, அந்தக் காலத்திலேயே கொடுத்திருக்கிறார்களே" என்பார்கள். கொடுத்தார்கள்தான். ஆனால் அடிமைகளுக்கு இல்லை, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. சொத்து கைவிட்டுப் போகிறதே, பாவம், அதற்கு ஈடு. ஏறக்குறைய 8 லட்சம் மனிதர்களுக்கு விலை போட்டு, அந்த விலையில் ஒரு பங்கை அவர்களுடைய எஜமானர்களுக்கு அரசாங்கம் கட்டியது. விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. அதற்கும் மேலே, வயல் வேலை பார்த்தவர்கள் இன்னும் 6 வருடம் அதே எஜமானிடம் வாரத்துக்கு 45 மணி நேரம் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் அப்ரண்டிஸ். பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவர் எதைக் கற்றுக்கொள்ள அப்ரண்டிஸ் ஆகவேண்டும் என்று கேட்கக் கூடாது. பெரும்பாலான காலனிகளில் அந்த ஏற்பாடு பாதியிலேயே, 1838 ஆகஸ்ட் 1ஆம் தேதி முடிவுக்கு வந்தது.

இது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கதை. 2018இல் பிரிட்டிஷ் நிதித்துறை ட்விட்டரில் ஒரு தகவல் போட்டது. அந்த நஷ்டஈட்டுக் கடன் 2015இல்தான் முழுசாக அடைந்தது, உங்கள் வரிப்பணம் அடிமை முறையை ஒழிக்க உதவியிருக்கிறது என்று பெருமையோடு. கரீபியனிலிருந்து போய் லண்டனில் பஸ் ஓட்டியவர்களும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களும் அந்த வரியைக் கட்டியவர்கள்தான், அதாவது தங்கள் பாட்டன் பூட்டனின் எஜமானர்களுக்குக் கொடுத்த கடனை இவர்கள் அடைத்திருக்கிறார்கள், இது பதிவைப் போட்டவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. திட்டு கிளம்பியதும் அழித்துவிட்டார்கள்.

நான் எழுத வந்தது வேறு. பணம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்த எஜமானர்களின் குடும்பங்களுக்குள் நடந்த சண்டை இருக்கிறதே, அது பற்றி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வரலாற்றாசிரியர்கள் இந்த நஷ்டஈட்டுக் கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்து, யார் கேட்டார், யாருக்குக் கிடைத்தது என்று தனித்தனியாகப் பதிந்து 2013இல் இணையத்தில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அதற்குள் நுழைந்துவிட்டால் வெளியே வருவது கஷ்டம். நானும் ஏதோ ஒரு எஸ்டேட் பெயரைத் தேடப் போய், யாரோ ஒரு விதவைக்கும் அவள் கொழுந்தனுக்கும் நடந்த வழக்கில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

ஏற்பாடு எப்படி நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1833இல் சட்டம், 1834 ஆகஸ்ட் 1 முதல் அமல். லண்டனில் ஒரு நஷ்டஈட்டு கமிஷன், ஒவ்வொரு காலனியிலும் அதற்குக் கிளை மாதிரி துணை கமிஷன். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த அடிமைப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினார்கள், எண்ணி வகை பிரித்தார்கள். மேஸ்திரி, தொழில் தெரிந்தவர், வயல் ஆள், இரண்டாம் தர வயல் ஆள், வீட்டு வேலைக்காரர், 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, கடைசியாக வயதானவர்களும் நோயாளிகளும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு விலை. 1822 முதல் 1830 வரை அந்தந்தக் காலனியில் ஆட்கள் என்ன விலைக்குப் போனார்கள் என்று பார்த்துச் சராசரி எடுத்தார்கள். அதனால் கடைசியில் கைக்கு வந்த ஈடு ஜமைக்காவில் தலைக்குச் சுமார் 20 பவுண்டு, புதிதாகக் கரும்பு போட்ட, ஆள் தட்டுப்பாடு இருந்த பிரிட்டிஷ் கயானாவில் 50க்கும் மேல். சட்டம் அமலான அன்றைக்கே முழு விடுதலை பெற்ற கைக்குழந்தைக்கும் எஜமானுக்கு ஈடு உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் மதிப்பு சுமார் 4.5 கோடி பவுண்டு வந்தது. கையில் இருந்தது 2 கோடி. அதனால் ஒவ்வொருவருக்கும் மதிப்பில் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. அதற்கு அவர்கள் போட்ட ஒப்பாரி தனி. இந்த 2 கோடி என்பது அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஒரு வருடச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். கையில் அவ்வளவு இல்லாமல் லண்டன் வங்கிக்காரர்களான நாதன் ராத்ஸ்சைல்டு, மோசஸ் மான்டிஃபியோரி கூட்டாளிகளிடம் 1.5 கோடி கடன் வாங்கினார்கள்.

சரி, ஒரு எஸ்டேட்டில் 200 அடிமைகள், அதற்கு 4,000 பவுண்டு என்று கணக்கு வந்துவிட்டது. அதை யாரிடம் கொடுப்பது? இங்கேதான் ஆரம்பம். மொத்தம் 40,000க்கும் மேல் கோரிக்கைகள் வந்தன. சின்னக் கோரிக்கைகள், ஒரு ஆள் இரண்டு ஆள் வைத்திருந்தவர்களுடையது, பெரும்பாலும் சிக்கலில்லாமல் போயின. பெரிய எஸ்டேட்டாக இருந்தால் ஒரு கோரிக்கைக்கு எதிராக இன்னொன்று, அதற்கு எதிராக மற்றொன்று. "இது என் தாத்தா உயிலில் எனக்கு எழுதியது." "அந்த உயிலுக்கு முன்னாலேயே என் கல்யாண ஒப்பந்தத்தில் எனக்கு எழுதிவிட்டார்." "நீங்கள் இருவரும் பேசுவதற்கு முன்னால் எனக்கு வரவேண்டிய அடமானக் கடன் 11 வருட வட்டியோடு நிற்கிறது." நம் ஊரில் நாலுவழிச் சாலைக்கு நிலத்தை எடுத்துவிட்டு, அண்ணன் தம்பி தகராறு தீரும்வரை பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டு அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ளுமே, அதே கதைதான். கமிஷனால் முடிவு கட்ட முடியாத பணம் லண்டன் சான்சரி நீதிமன்றத்துக்குப் போனது. வக்கீல்களுக்கு நல்ல காலம்.

மனிதர்கள் சொத்து என்றால் எந்த மாதிரிச் சொத்து என்பதிலேயே குழப்பம் இருந்ததும் இந்தச் சிக்கலுக்கு ஒரு காரணம். அசையும் சொத்தா, அசையாச் சொத்தா? பார்படோஸில் 1668இலேயே சட்டம் போட்டு அடிமைகளை அசையாச் சொத்து ஆக்கிவிட்டார்கள். காரணம் குடும்பப் பாசம்தான், அதாவது அவர்கள் குடும்பத்தின் மேல் பாசம். அசையாச் சொத்து என்றால் நிலத்தோடு சேர்ந்து மூத்த மகனுக்குப் போகும், விதவைக்கு அவள் ஆயுள் உள்ளவரை மூன்றில் ஒரு பங்கு அனுபவ பாத்தியதை கிடைக்கும், தோட்டம் ஒரு பக்கம் ஆட்கள் ஒரு பக்கம் என்று சிதறாது. ஆனால் கடன்காரன் வந்து நின்றால் அதே ஆட்கள் அசையும் சொத்து, பிடித்துக்கொண்டு போய் விற்கலாம். ஜமைக்காவிலும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆக ஒரே பெண் காலையில் நிலம், சாயங்காலம் மாடு. எது சௌகரியமோ அது. கயானாவில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன சட்டம், டிரினிடாடில் ஸ்பானியச் சட்டத்தின் மிச்சம், மொரீஷியஸில் பிரெஞ்சு சிவில் சட்டம். பிரெஞ்சுச் சட்டப்படி மூத்தவனுக்கு மட்டும் எழுதிவிட முடியாது, பிள்ளைகள் எல்லோருக்கும் பாகம் உண்டு. ஒரு தாத்தா செத்து இரண்டு தலைமுறை கணக்கு தீராமல் கிடந்தால் எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்று பாகப்பிரிவினைக்கு அலைந்தவர்கள் யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

பெண்கள் இந்தக் கோப்புகளில் எக்கச்சக்கம். கோரிக்கை வைத்தவர்களில் 40 சதவீதம் வரை பெண்கள் என்கிறது ஆய்வு. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமானவுடன் பெண்ணின் சொத்து கணவனுடையது. அதைத் தடுக்க வசதியான அப்பாக்கள் கல்யாணத்துக்கு முன்பே ஒரு ஒப்பந்தம் எழுதி, டிரஸ்டிகளைப் போட்டு, மகளுக்கு வருடா வருடம் இவ்வளவு வரவேண்டும் என்று ஏதாவது ஒரு சொத்தின் மேல் பாரம் வைத்துவிடுவார்கள். அந்தச் சொத்து பல வீடுகளில் ஜமைக்கா எஸ்டேட். வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கப்பல் ஏறாத ஒரு கிழவி, பாத் நகரத்திலோ எடின்பரோவிலோ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார், டீயில் போட்ட சர்க்கரையும் அதே தோட்டத்துச் சர்க்கரையாக இருக்கும். அண்ணன் உயிலில் எழுதிய வருடாந்திரத் தொகை சர்க்கரை விலை விழுந்த நாளிலிருந்து நின்றுபோயிருக்கும். நஷ்டஈடு வருகிறது என்று கேள்விப்பட்டதும் வரவேண்டிய பாக்கிக்கெல்லாம் சேர்த்து எதிர்க்கோரிக்கை போடுவார். இவர்களில் பலர் நிஜமாகவே கஷ்டத்தில் இருந்தார்கள். கமிஷனுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது ஒரு கணம் இரக்கம் வந்துவிடுகிறது, அதுதான் இந்தக் கோப்புகளின் வினோதம். நம்மை அறியாமலே அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்று நினைக்க ஆரம்பித்துவிடுவோம். அவர் கேட்கிற பாக்கி எதன் பாக்கி என்பது அடுத்த பக்கம் புரட்டினால்தான் மறுபடி உறைக்கும்.

ஆயுள் பாத்தியதை என்ற ஒன்று இன்னும் பெரிய தலைவலி. தோட்டத்தை மகன் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது, அவனுக்குப் பிறகு பேரனுக்கு, இப்படி எழுதி வைப்பது அங்கே பெரிய குடும்பங்களின் வழக்கம். இப்போது அடிமைகள் போய் ரொக்கம் வருகிறது. ரொக்கத்தை மகன் செலவழித்துவிட்டால் பேரனுக்கு என்ன மிஞ்சும்? அதனால் அசலை முடக்கி வைத்து வட்டியை மட்டும் கொடு என்று பேரன் பக்கத்து டிரஸ்டிகள் வந்து நிற்பார்கள். மைனர், மனநிலை சரியில்லாதவர், கணவனுக்குக் கட்டுப்பட்ட மனைவி என்று தனித்தனியாகச் சட்டத்திலேயே பாதுகாப்பு செய்திருந்தார்கள். இன்னும் பிறக்காத வாரிசுக்குக்கூடப் பாதுகாப்பு இருந்தது. எவ்வளவு அக்கறை பாருங்கள்.

டிரஸ்டி என்றதும் எக்ஸிட்டர் பிஷப் ஞாபகம் வருகிறார். ஹென்றி ஃபில்பாட்ஸ். இவர் 665 அடிமைகளுக்குச் சுமார் 12,700 பவுண்டு வாங்கினார் என்று பல இடங்களில் எழுதுவார்கள். பெயர் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் அது இவருடைய சொந்தச் சொத்து இல்லை. 1833இல் டட்லி பிரபு கல்யாணம் ஆகாமலேயே இறந்துபோனார், சொத்து சேரவேண்டிய உறவுக்காரப் பையன் மைனர், அதைப் பார்த்துக்கொள்ள உயிலில் நாலு பேரைப் போட்டிருந்தார், அவர்களில் ஒருவர் பிஷப். பணம் பையனுக்கு. இதைச் சொன்னால் பிஷப்புக்கு வக்காலத்து வாங்குவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொந்தமாக வைத்திருந்ததைவிட இது எனக்கு மோசமாகத்தான் தெரிகிறது. ஒரு மத குரு, அடுத்தவர் வீட்டு மைனர் பையனின் நலனுக்காக, 665 பேருக்கான விலையைப் பொறுப்பாக, சரியாக, ஒரு காசு விடாமல் வசூலித்துக் கொடுக்கிறார். நல்ல மனிதர், கடமை தவறாதவர் என்று அவருக்குப் பெயர் வாங்கித் தரும் வேலை அது. திருச்சபைக்கே பார்படோஸில் காட்ரிங்டன் தோட்டங்கள் இருந்தன, அதற்கும் ஈடு வாங்கினார்கள். 2006இல் இங்கிலாந்துத் திருச்சபை மன்னிப்புக் கேட்டது.

இத்தனை அத்தை, மாமா, கொழுந்தன், பேரன், பிறக்காத வாரிசு என்று உறவு முறையெல்லாம் துல்லியமாகப் பார்த்த அந்த கமிஷன், ஒரு உறவை மட்டும் பார்க்கவில்லை. அந்த எஸ்டேட்டுகளில் எஜமானுக்குப் பிறந்த பிள்ளைகள்.

இரண்டு பேரைச் சொல்கிறேன். நாதனியேல் வெல்ஸ், 1779இல் செயின்ட் கிட்ஸ் தீவில் பிறந்தவர். அப்பா கார்டிஃப் ஊர்க்காரர் வில்லியம் வெல்ஸ், தோட்ட முதலாளி. அம்மா அந்த வீட்டில் அடிமை. அப்பா இந்த மகனை விடுதலை செய்து, இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பி, உயிலில் பெரும் சொத்தை எழுதி வைத்துவிட்டுச் செத்தார். மகன் வேல்ஸில் பியர்ஸ்ஃபீல்டு மாளிகையை வாங்கினார், 1818இல் மான்மவுத்ஷையர் கவுண்டிக்கு ஷெரிஃப் ஆனார். நஷ்டஈடு வந்தபோது 86 அடிமைகளுக்கு ஏறக்குறைய 1,400 பவுண்டு வாங்கிக்கொண்டார். அடிமைப் பெண்ணின் மகன், அடிமைகளுக்கான ஈட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார். காகிதத்தில் எல்லாம் சரி.

இன்னொருவர் ராபர்ட் வெடர்பர்ன். 1762 வாக்கில் ஜமைக்காவில் பிறந்தவர். அப்பா ஜேம்ஸ் வெடர்பர்ன், ஸ்காட்லாந்து டாக்டர், தோட்ட முதலாளி. அம்மா ரோசன்னா. வயிற்றில் இந்தப் பிள்ளை இருக்கும்போதே ரோசன்னாவை டாக்டர் விற்றுவிட்டார், பிறக்கும் குழந்தை சுதந்திரமாக இருக்கும் என்ற ஒரு நிபந்தனையோடு. ராபர்ட்டை வளர்த்தது பாட்டி, டாக்கி ஏமி என்று கிங்ஸ்டனில் எல்லோருக்கும் தெரிந்த கிழவி. அந்தக் கிழவியைக் கட்டி வைத்துச் சாட்டையால் அடித்ததைச் சிறுவன் பார்த்திருக்கிறான். பிறகு இங்கிலாந்து போனார், தையல் வேலை செய்தார், மேடையேறி அரசாங்கத்தைத் திட்டி ஜெயிலுக்கும் போனார். நடுவில் மனைவி மாசமாக இருந்த நேரத்தில் கையில் காசில்லாமல் எடின்பரோ பக்கத்தில் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார். அப்பா துரத்திவிட்டார். வேலைக்காரர்கள் கொஞ்சம் பீரும் ஒரு உடைந்த ஆறு பென்ஸ் காசும் கொடுத்தார்களாம். இதை அவரே எழுதியிருக்கிறார்.

1824இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ராபர்ட் இந்தக் கதையை எழுதினார். அப்பா அதற்குள் இறந்துவிட்டார். சட்டபூர்வ மகன் ஆண்ட்ரூ கால்வில், பெரிய வியாபாரி, பின்னால் ஹட்சன் பே கம்பெனிக்கே தலைவரானவர், அதே பத்திரிகைக்குப் பதில் எழுதினார். அந்தப் பெண்ணுக்கே தன் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று தெரியாது என்ற தோரணையில். எழுதியதோடு நிற்கவில்லை, பத்திரிகையை வழக்குப் போடுவேன் என்று மிரட்டவும் செய்தார். ராபர்ட் விடவில்லை, திருப்பி எழுதினார். ஒரு பங்காளி இன்னொரு பங்காளியை அச்சில் இழுத்துப் போட்டு அடித்த அடி அது. பத்து வருடம் கழித்து நஷ்டஈடு வந்தது. கால்வில் தன் ஜமைக்கா எஸ்டேட்டுகளுக்கு ஈடு வாங்கினார். அந்தப் பக்கமே ராபர்ட்டால் போக முடியாது. எந்தக் கோரிக்கைப் படிவத்திலும் அவருக்கு இடமில்லை. அவர் அடமானக்காரர் இல்லை, உயில்தாரர் இல்லை, வருடாந்திரத் தொகை வாங்குகிறவர் இல்லை, டிரஸ்டி இல்லை, வெறும் மகன். 1835 வாக்கில் அவர் இறந்துவிட்டார்.

(இந்த ஜேம்ஸின் அண்ணன் ஜான் வெடர்பர்னைத்தான் ஜோசப் நைட் என்ற அவருடைய அடிமை எதிர்த்து நின்று, ஸ்காட்லாந்து மண்ணில் அடிமைத்தனம் செல்லாது என்று 1778இல் தீர்ப்பு வாங்கினார். அந்தக் குடும்பத்துக்கு கோர்ட் வாசல் புதிதில்லை.)

வெல்ஸுக்கும் வெடர்பர்னுக்கும் பிறப்பில் வித்தியாசம் இல்லை. ஒருவருடைய அப்பா எழுதி வைத்தார், இன்னொருவருடைய அப்பா எழுதவில்லை, அவ்வளவுதான். அடிமை எஸ்டேட்டில் உறவு என்பது ரத்தத்தில் வராது, எஜமான் பேனாவில் வரும். இந்தக் கோப்புகளை எவ்வளவு படித்தாலும் எனக்கு இதுதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. கமிஷன் முன்னால் வந்த யாரும், ஒரு விதவைகூட, ஒரு பிஷப்கூட, இந்தப் பணம் கொடுக்கப்படலாமா என்று கேட்கவில்லை. எனக்கா உனக்கா என்பது ஒன்றே வழக்கு. அந்த வழக்கில் ஆவணம்தான் சாட்சி, தோலின் நிறமோ முகத்தின் ஜாடையோ கணக்கில் வராது.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு நஷ்டஈடு, அளவில் மிகச் சின்னது, 1862இல் வாஷிங்டன் நகரத்தில் நடந்தது. லிங்கன் ஏப்ரல் 16ஆம் தேதி கையெழுத்துப் போட்டார், தலைக்குச் சராசரி 300 டாலருக்கு மேல் போகக்கூடாது, மூன்று கமிஷனர்கள். விலை மதிப்பிட யாரை வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? பால்டிமோரிலிருந்து ஒரு அடிமை வியாபாரியை. அனுபவசாலி இல்லையா. அங்கே மனு போட்டவர்களில் கேப்ரியல் கோக்லி என்பவரும் ஒருவர். கறுப்பர், வாஷிங்டன் கத்தோலிக்கக் கறுப்பர்களில் முக்கியமானவர். அவர் 8 அடிமைகளுக்கு நஷ்டஈடு கேட்டார். அந்த 8 பேர் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் மற்ற நெருங்கிய சொந்தங்களும். அவர்களைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். வாங்கினால்தான் ஒரே கூரைக்கு அடியில் வாழ முடியும், வாங்கிய பிறகும் முறைப்படி விடுதலைப் பத்திரம் முடிக்காதவரை சட்டத்தின் கண்ணில் அவர் எஜமான், அவள் உடைமை. சுமார் 1,490 டாலர் கிடைத்தது. இதைப் படித்துவிட்டுச் சிலர் "பார்த்தீர்களா, கறுப்பர்களும் அடிமை வைத்திருந்தார்கள்" என்று கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். மனைவியைக் கடையில் வாங்கவேண்டிய நிலையில் இருந்த மனிதன் கொடுத்த காசில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டிருக்கிறான். என்னைக் கேட்டால், அந்த நகரத்தில் கொடுக்கப்பட்ட நஷ்டஈடுகளில் உருப்படியானது இதுதான்.

சரி, நம் பக்கம். 1833 சட்டத்தின் 64ஆம் பிரிவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகள், இலங்கை, செயின்ட் ஹெலினா ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. அதனால் சென்னை மாகாணத்தில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டும் ஒற்றி வைக்கப்பட்டும் வந்த பறையர், பள்ளர் பண்ணையாட்களை அது தொடவே இல்லை. 10 வருடம் கழித்து 1843இல் 5ஆம் சட்டம் வந்தது. அது அடிமை முறையை நேரடியாக ஒழிக்கவில்லை, அடிமை என்ற உரிமையைக் கோர்ட்டில் நிலைநாட்ட முடியாது என்று மட்டும் சொன்னது. எஜமானர்களுக்கு ஈடும் கிடையாது. ஈடு கொடுக்காதது நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் ஈடு கேட்கவேண்டிய அவசியமே மிராசுதார்களுக்கு வரவில்லை, ஏனென்றால் அவர்களிடமிருந்து யாரும் யாரையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, கடனும் குடியிருப்பும் சாதியும் சேர்ந்து அதே ஆட்களை அதே பண்ணையில் நிறுத்திவைத்தன. அதோடு, ஈடு இல்லாததால் கணக்கெடுப்பும் இல்லை. பார்படோஸில் ஒருவர் தன் பூட்டியின் பெயரை, வயதை, எந்தத் தோட்டத்தில் இருந்தாள் என்பதை அடிமைப் பதிவேட்டில் கண்டுபிடிக்கலாம். தஞ்சாவூர் பண்ணையாள் ஒருவரின் வம்சத்துக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை.

மொரீஷியஸ் இரண்டு பக்கமும் சேர்கிற இடம். அங்கே 1835 பிப்ரவரி 1ஆம் தேதி விடுதலை. எஜமானர்களுக்கு 20 லட்சம் பவுண்டுக்கும் மேல் வந்தது. அங்கிருந்த அடிமைகளில் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் அல்லது அங்கேயே பிறந்தவர்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரி வழியாகக் கொண்டுபோன நம் கரையோரத்து மனிதர்களும் அந்தப் பட்டியலில் ஒரு சிறு பகுதியாக உண்டு. லண்டனுக்குப் போய்ப் பணம் வாங்க முடியாத சின்ன எஜமானர்கள் தங்கள் கோரிக்கையை வியாபாரிகளிடம் தள்ளுபடி விலைக்கு விற்றார்கள், தென் ஆப்பிரிக்காவின் கேப் காலனியிலும் இதே கூத்து. கையில் ரொக்கம் வந்த தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். கல்கத்தாவிலிருந்து, அப்புறம் சென்னையிலிருந்து, பம்பாயிலிருந்து. 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பம் வரை நாலரை லட்சம் பேருக்கு மேல். கயானாவிலும் ஜமைக்காவிலுமாக 2,508 பேருக்காக 1,06,769 பவுண்டு வாங்கிய ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளைய பிரதமர் கிளாட்ஸ்டனின் அப்பா, செய்ததும் இதையேதான். 1838இல் கல்கத்தாவிலிருந்து கயானா போன முதல் இரண்டு கப்பல்களுக்குப் பின்னால் இருந்தது அவர் எழுதிய கடிதம். அவருடைய வாரிசுகளில் சிலர் 2023இல் கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்பு மட்டும் போதாது என்று அங்கேயே சிலர் பதாகை பிடித்து நின்றார்கள்.

மொரீஷியஸ் அரசு 2009இல் உண்மைக்கும் நீதிக்குமான கமிஷன் என்று ஒன்றை அமைத்தது. அடிமை முறை, ஒப்பந்தக் கூலி இரண்டின் விளைவுகளையும் விசாரிக்க. 2011இல் அறிக்கை கொடுத்தார்கள். அந்த கமிஷன் முன்னால் வந்து குவிந்தவற்றில் பெரும் பகுதி என்ன தெரியுமா? நிலத் தகராறு. விடுதலைக்குப் பிறகு எங்கள் கொள்ளுப் பாட்டன் உழைத்துச் சேர்த்த காசில் இத்தனை ஏக்கர் வாங்கினார், பக்கத்துச் சர்க்கரை எஸ்டேட் வேலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு 30 வருட அனுபவ பாத்தியதை என்று சொல்லிச் சுருட்டிவிட்டது என்று குடும்பம் குடும்பமாக வந்தார்கள், ஆப்பிரிக்க வம்சாவளிக்காரர்களும் இந்திய வம்சாவளிக்காரர்களும். அவர்களிடம் கேட்கப்பட்டது வம்சாவளிச் சான்று, பத்திரம், சர்வே வரைபடம். பத்திரம் வைத்திருந்தவர்கள் சிலர். தேவாலயப் பதிவேட்டில் ஒரு பெயரும் நோட்டரி அலுவலகத்தில் வேறு எழுத்தில் அதே பெயரும் இருந்தவர்கள் பலர். வக்கீல் வைக்கவும் நிலத்தை அளக்கவும் வசதியில்லாமல் நின்றுபோனவை நிறைய. தனியாக ஒரு நில நீதிமன்றம் வேண்டும், பத்திரம் தேடிக் கொடுக்க அரசு செலவில் ஆட்கள் வேண்டும் என்று கமிஷன் எழுதியது. 1830களில் ஒரு ஜமைக்கா விதவை லண்டனில் ஒரு கடிதம் போட்டால் அவளுடைய கல்யாண ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்துப் பார்க்க ஒரு கமிஷனே உட்கார்ந்திருந்தது.